ஓய்வுநாள் யாருக்கு? ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் முன்னிருக்கும் வழிகள்

திருநெல்வேலிச் சீமையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சபைப் பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்பை ‘ஓய்வுநாள் பாடசாலை’ என்றுதான் சொல்வோம். நானும் அதில் படித்து வளர்ந்தவள். பிறகு பல வருஷம் பாடமும் எடுத்தேன். பத்துக் கட்டளைகளை நடத்திக்கொண்டிருந்த ஒரு காலையில் என் மகளே எழுந்து நின்று கேட்டாள்: “ஏழாம் நாள்தான் ஓய்வுநாள் என்று போட்டிருக்கிறது. ஞாயிறு வாரத்தின் முதல் நாள். அப்படியானால் ஓய்வுநாள் பாடசாலை ஏன் இன்றைக்கு நடக்கிறது?”

கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள் ஞாயிறு என்று சொன்னேன். “சரி, அதற்காகச் சனிக்கிழமையை எடுத்துவிடச் சொன்னது யார்?” என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன். அந்த அடுத்த வாரம் இரண்டு வருஷமாக நீண்டது.

அதே காலத்தில் அமெரிக்காவில் இருக்கும் எங்கள் உறவுக் குடும்பம் ஒன்று வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றி ஓய்வுநாளைத் தொடங்க ஆரம்பித்திருந்தது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வீட்டுக்குப் பின்னால் கூடாரம் போட்டு அதில் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் சிலர் அவர்கள் யூதராகிவிட்டார்கள் என்றார்கள். சிலர் இதுதான் மெய்யான வேதாகம வாழ்க்கை என்று உருகினார்கள். எனக்கு இரண்டுமே அவசரமாகப் பட்டது. படித்தோம், ஜெபித்தோம், சாப்பாட்டு மேசையில் குரல் உயர்த்தியும் பேசினோம். அதே கேள்வியோடு நிற்கும் மற்றக் குடும்பங்களுக்கு உதவும் என்று, எங்கள் முன்னிருந்த வழிகளை எடைபோட்டு எழுதுகிறேன்.

இவர்கள் ஏன் இந்தப் பக்கம் வருகிறார்கள்?

முதல் காரணம் மிக எளிது. இயேசு இவற்றை ஆசரித்தார். யோவான் சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் அவர் கூடாரப் பண்டிகைக்கு எருசலேமுக்குப் போகிறார். கடைசி இராப்போஜனம், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்காவையொட்டி நடந்தது. பவுலும் பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேமில் இருக்கவேண்டும் என்று பயணத்தை விரைவுபடுத்துகிறார். லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் இந்த நாட்களைக் கர்த்தருடைய பண்டிகைகள் என்று அழைக்கிறது. ‘யூதருடைய பண்டிகைகள்’ என்ற சொல் அங்கே இல்லை. வாரந்தோறும் வரும் ஓய்வுநாளை முதலில் சொல்லிவிட்டு, பஸ்கா, புளிப்பில்லா அப்பம், முதற்கதிர், வாரங்களின் பண்டிகை, எக்காளம், பாவநிவர்த்தி, கூடாரம் என்று ஏழும் அங்கே வரிசையாக வருகின்றன. வேதத்தைப் பிள்ளைகளோடு ஒழுங்காக வாசிக்கும் எந்தக் குடும்பமும் ஒருநாள் இந்த அதிகாரத்தில் வந்து நிற்கத்தான் செய்யும்.

இரண்டாவது காரணம் களைப்பு. இதை யாரும் முதலில் சொல்வதில்லை, ஆனால் பேசப் பேச வெளியே வரும். எங்கள் உறவுக்காரப் பெண் சொன்னாள்: “டிசம்பர் முழுக்கக் கடைக்கும் வீட்டுக்கும் ஓடினேன். கிறிஸ்துமஸ் முடிந்தபோது கிறிஸ்துவை நான் பார்க்கவேயில்லை என்று தோன்றியது.” பண்டிகை என்றால் செலவு, ஞாயிறு என்றால் அவசரம் என்று ஆகிப்போன வீட்டுக்கு, வேலையை நிறுத்தச் சொல்லும் ஒரு கட்டளை தாகத்துக்குத் தண்ணீர் போல இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு காரணம் சொல்லப்படுகிறது, அது தவறான காரணம். ‘ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஓய்வுநாளை ஞாயிற்றுக்கு மாற்றிவிட்டான், அதுவரை எல்லாக் கிறிஸ்தவர்களும் சனிக்கிழமைதான் ஆராதித்தார்கள்’ என்பது அந்தப் பேச்சு. கான்ஸ்டன்டைன் 321-இல் சூரியனுடைய நாளில் நீதிமன்றங்களும் நகர மக்களும் ஓய்ந்திருக்கச் சட்டம் போட்டது உண்மை. விவசாயிகளுக்கு அதில் விலக்கும் கொடுத்தான். ஆனால் அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே ஜஸ்டின் மார்ட்டிர் என்ற ஆதிச்சபை எழுத்தாளர் ரோமாபுரியிலிருந்து எழுதும்போது, விசுவாசிகள் ஞாயிற்றுக்கிழமை கூடிவந்து வேதம் வாசித்து அப்பம் பிட்பதை விவரிக்கிறார். ஆகவே ஞாயிறு ஆராதனை பேரரசனின் கண்டுபிடிப்பு ஆகாது.

ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு பாதி உண்மை இருக்கிறது. முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஞாயிறு ஆராதனை நாளாக இருந்ததே தவிர ஓய்வுநாளாக இருக்கவில்லை. அடிமைகளும் கூலிக்காரர்களும் நிறைந்த சபை அது. கூடி ஜெபித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ஓய்வு சனிக்கிழமையின் சொத்தாகவே நெடுநாள் இருந்தது, கிறிஸ்தவர்களிலும் பலர் அதை விடவில்லை. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளில் வேலை செய்யாமல் இருந்து யூதரைப் போல் நடக்கக்கூடாது என்று தடை விதித்தது. யாரும் செய்யாத ஒன்றைத் தடுக்கச் சங்கம் கூட்டமாட்டார்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்து, 1450-இல் பேரரசர் ஸர்ஆ யாக்கோப் காலத்தில் சனி, ஞாயிறு இரண்டையும் கனப்படுத்துவது என்று முடிவாயிற்று.

என் மகளுக்குச் சொல்லவேண்டிய பதிலின் பாதி இங்கே கிடைத்தது. ஆராதனை ஞாயிற்றுக்கு வந்த கதை ஒன்று, ஓய்வு ஞாயிற்றுக்கு வந்த கதை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் நாம் சண்டை போடுகிறோம்.

ஏழாம் நாளையே ஆசரிப்பது

முதல் வழி, வருடாந்தரப் பண்டிகைகளை விட்டுவிட்டு, நான்காம் கட்டளையை எழுதியிருக்கிறபடியே சனிக்கிழமையில் கைக்கொள்வது. இது புதிய வழியல்ல. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழாம் நாள் பாப்டிஸ்ட் சபைகள் இருந்தன. அவர்களில் சிலர் 1671-இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் சபை தொடங்கினார்கள். 1840-களில் அந்தச் சபையைச் சேர்ந்த ரேச்சல் ஓக்ஸ் என்ற பெண்மணி மூலமாக இந்தப் போதனை, கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்குக் காத்திருந்த அட்வென்ட் விசுவாசிகளிடம் போய்ச் சேர்ந்தது. 1863-இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைப்பாக உருவானது. இன்று உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் அதில் இருக்கிறார்கள்.

நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு கதை உண்டு. நாசரேத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரகாசபுரத்தில், ஆங்கிலேய மிஷனோடு பிணக்குக் கொண்ட அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை 1857-இல் தனிச்சபை தொடங்கினார். ஏக இரட்சகர் சபை என்று அதைச் சொல்வார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த சடங்குகளைத் தள்ளிவிட்டு, பழைய ஏற்பாட்டின் முறைகளுக்கு அவர் திரும்பினார். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குதல் எல்லாம் அந்தச் சபையில் இருந்தன. வேதத்தில் உள்ள கீழ்நாட்டு வழக்கங்கள் ஐரோப்பியருக்கு இருப்பதைவிட நமக்கே நெருக்கம் என்ற துணிவு அவருக்கு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் அந்தப் பக்கம் வந்தபோது, அவர்கள் போதிக்க வந்த ஓய்வுநாளை ஏற்கெனவே ஆசரித்துக்கொண்டிருந்த தமிழர்களைக் கண்டார்கள். சனிக்கிழமை ஓய்வு என்பது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று நம் சபைகளில் யாராவது சொன்னால், இந்த ஊரின் பெயரைச் சொல்லுங்கள்.

இந்த வழியின் பலம், அதற்கு ஒரு சமூகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆயத்தநாள். சூரியன் மறைவதற்குள் துணி துவைத்து, வீடு துடைத்து, மறுநாள் சாப்பாட்டை முடித்துவிடுகிறார்கள். வனாந்தரத்தில் ஆறாம் நாளில் இரட்டிப்பு மன்னா சேர்த்த கதையை அந்த வீட்டுப் பிள்ளைகள் கையாலேயே கற்றுக்கொள்கிறார்கள். சென்னையில் சூரிய அஸ்தமனம் வருஷம் முழுவதும் மாலை ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையிலேயே நிற்பதால், கோடையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும் வட ஐரோப்பாவைப் போல நமக்குத் திண்டாட்டமும் இல்லை.

விலை என்ன? வேலையும் படிப்பும்தான். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்து நெசவாலைத் தொழிலாளி அடெல் ஷெர்பர்ட், அட்வென்டிஸ்ட் சபைக்காரர். ஆலை வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று மாற்றியபோது சனிக்கிழமை வர மறுத்ததால் வேலை போயிற்று. வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1963-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருக்கு வழக்காட ஆள் இருந்தது. நம் ஊரில் சனிக்கிழமை வகுப்பும் தேர்வும் வைக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கப்போவது உங்கள் பிள்ளை தனியாக. பதின்மூன்று வயதில் அந்தச் சிலுவையைத் தூக்க அவளுக்கு மனமிருக்கிறதா என்று கேட்காமல், பெற்றோர் மட்டும் முடிவெடுப்பதை நான் நியாயமாக நினைக்கவில்லை.

கட்டளை மாறவில்லை என்று உங்கள் மனச்சாட்சி உறுதியாகச் சொன்னால் இந்த வழிக்குப் போங்கள். ஆனால் வீட்டுக்குள் தனியாக ஆசரிக்காதீர்கள். அப்படி ஆசரிக்கும் ஒரு சபையோடு சேருங்கள். தனிமையில் கைக்கொள்ளும் ஓய்வுநாள் சில மாதங்களில் வீட்டாருக்குள் காவல் வேலையாக மாறிவிடும். நாங்கள் நான்கு மாதம் அப்படிச் செய்து பார்த்தோம். யார் போனை எடுத்தது, யார் கடைக்குப் போனது என்று ஒருவரையொருவர் கண்காணித்ததுதான் மிச்சம்.

ஏழு பண்டிகைகளையும் ஆசரிப்பது

இது பெரிய வழி. பிள்ளைகளுக்கு இதைவிட ருசியான வேத பாடம் இருக்கமுடியாது. கூடாரப் பண்டிகைக்கு ஒரு குடிசை போட்டு, கூரை வழியாக நட்சத்திரம் தெரியும்படி தென்னங்கீற்றைச் சற்று இடைவெளிவிட்டுப் பரப்பி, இரவில் அதற்குள் உட்கார்ந்து இஸ்ரவேலரின் நாற்பது வருஷத்தைப் பேசினால் எந்தப் பிள்ளைதான் மறக்கும்? நாங்கள் ஒரு வருஷம் மொட்டைமாடியில் போட்டோம். மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பண்டிகை வரும் பருவம் நம் வடகிழக்குப் பருவமழையின் வாசற்படி. எபிரெய வேதம் பிறந்த நாட்டிலும் அது மழைக்காகக் காத்திருக்கும் காலம்தான் என்பதை நனைந்த பாயைச் சுருட்டும்போதுதான் நான் உணர்ந்தேன்.

பஸ்கா இன்னும் சுவாரசியமான இடத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஏழு நாள் புளித்தமா வீட்டில் இருக்கக்கூடாது என்று நம் வேதாகமம் சொல்கிறது. தமிழ் வீட்டில் புளித்த மாவு என்றால் இட்லி மாவு! எங்கள் உறவுக்காரப் பெண் அந்த வாரம் கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறாள். இட்லி, தோசை, ஆப்பம் எதுவும் கிடையாது. ஆனால் ரபீக்கள் எனப்படும் யூத வேத ஆசிரியர்களின் சட்டத்தில் விலக்கப்படுவது கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியங்கள் புளித்தது மட்டுமே. அரிசி அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய யூதர்கள் கூடுதல் எச்சரிக்கையாக அரிசியையும் பருப்பையும் தவிர்த்தார்கள், மத்தியதரைக் கடற்பகுதி யூதர்களில் பலர் அரிசி சாப்பிடுகிறார்கள். அப்படியானால் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் யாருடைய விதியைப் பின்பற்றுவது? மொழிபெயர்ப்பில் உள்ள ஒரு சொல்லையா, ரபீக்களையா, தன் மனச்சாட்சியையா? சிறிய கேள்விபோலத் தெரியும். இந்த வழியில் நடப்பவர்கள் ஒவ்வொரு பண்டிகையிலும் இதே கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள்.

நாட்காட்டியிலும் அதே சிக்கல். இன்றைய யூத நாட்காட்டி கணக்கிட்டு வகுத்தது, 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டுவார்கள். பிறையைக் கண்ணால் பார்த்துத்தான் மாதம் தொடங்கவேண்டும் என்று வேறு சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். இதனாலேயே பிரிந்துபோன சிறு குழுக்கள் உண்டு. 2024-இல் மேற்கத்தியச் சபைகளின் ஈஸ்டர் மார்ச் 31. யூதரின் பஸ்கா தொடங்கியது ஏப்ரல் 22 மாலை. இரண்டையும் ஆசரித்த குடும்பங்கள் உயிர்த்தெழுதலைக் கொண்டாடி மூன்று வாரம் கழித்துப் பஸ்காவுக்கு உட்கார்ந்தன.

இந்த வழி ஒரு அமைப்பாக எப்படி நடந்தது, எப்படி முடிந்தது என்பதைப் பார்க்க நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் தொடங்கிய சபை. 1930-களில் ஒரிகன் மாநிலத்தில் வானொலி ஊழியமாக ஆரம்பித்து, பிற்பாடு உலகளாவிய தேவனுடைய சபை என்ற பெயரில் வளர்ந்தது. சனிக்கிழமையோடு ஏழு பண்டிகைகளும் அங்கே கட்டாயம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் கிடையாது. கூடாரப் பண்டிகைக்கு எட்டு நாள் விடுப்பெடுத்துக் குடும்பத்தோடு வெளியூர் போவார்கள். அந்தச் செலவுக்கென்று வருமானத்தில் இரண்டாவது தசமபாகத்தை எடுத்து வைப்பார்கள். அந்த எட்டு நாள் அந்தச் சபையின் பிள்ளைகளுக்கு வருஷத்தின் மகுடம். ஆனால் ஆசரிப்பு இரட்சிப்பின் அடையாளமாகவும், ஆசரிக்காதவர்கள் பொய்க் கிறிஸ்தவர்களாகவும் போதிக்கப்பட்டது. ஆம்ஸ்ட்ராங் 1986-இல் இறந்தார். 1990-களின் நடுவில் அவருக்குப் பின்வந்த தலைமை, இந்த நாட்கள் கிறிஸ்தவர்களுக்குக் கட்டாயமில்லை என்று அறிவித்தது. சபை உடைந்தது. ஆயிரக்கணக்கானோர் வெளியேறிப் புதிய சபைகளை அமைத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு சபை, தம்பி ஒரு சபை.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அந்த மக்கள் தங்கள் வருமானத்தையும் விடுமுறையையும் தேவனுக்கென்று கொடுத்தவர்கள். அவர்களை உடைத்தது பண்டிகையல்ல, பண்டிகையின்மேல் ஏற்றப்பட்ட பாரம். கொலோசெயருக்கு எழுதின நிருபம் இதைத்தான் சொல்கிறது: பண்டிகைநாளையும் மாதப்பிறப்பையும் ஓய்வுநாட்களையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக. இந்த வசனத்தை ஆசரிக்காதவர்கள் தங்களுக்கு அரணாக எடுக்கிறார்கள், ஆசரிப்பவர்களும் எடுக்கிறார்கள். ‘நாங்கள் ஆசரிப்பதைக் குறித்துக் குற்றப்படுத்தாதே’ என்று அவர்கள் வாசிக்கிறார்கள். எனக்கு இரண்டு வாசிப்பும் சரியாகவே படுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தப் பண்டிகைகள் பழைய புத்தகத்தில் கிடக்கும் முறைகளல்ல, இன்றும் உயிரோடிருக்கும் ஒரு ஜனத்தின் வாழ்க்கை. இன்றைய ருமேனியாவில் உள்ள திரான்சில்வேனியாவில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில கிறிஸ்தவர்கள் சனிக்கிழமையையும் மோசேயின் பண்டிகைகளையும் ஆசரிக்கத் தொடங்கினார்கள். சட்டத்தின் தண்டனைக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து கைக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவர்களில் மிஞ்சியிருந்தவர்கள் பலர் யூத மதத்திலேயே சேர்ந்தார்கள். 1944-இல் யூதர்களை நாஜிகளின் கொலைமுகாம்களுக்கு வண்டியேற்றி அனுப்பியபோது அவர்களின் சந்ததியாரிலும் சிலர் அந்த வண்டியில் ஏற்றப்பட்டார்கள். பண்டிகையை விரும்பி எடுப்பவர்கள், அதைச் சுமந்துவந்த மக்களை மறந்துவிட்டு எடுக்கக்கூடாது என்று இந்தச் சரித்திரம் எனக்குச் சொல்கிறது.

ஒருநாள் பஸ்கா விருந்து

சில சபைகள் நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கின்றன. பெரிய வியாழனன்று யூத முறைப்படி பஸ்கா விருந்து நடத்தி, மூன்று அப்பங்களைக் காட்டி, நடு அப்பத்தைப் பிட்டு மறைத்து வைத்து, இது திரித்துவம், இது சிலுவை என்று விளக்குகிறார்கள். ஆர்வத்தோடுதான் செய்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை.

கி.பி. 70-இல் தேவாலயம் இடிக்கப்பட்டு, பலியிட இடமில்லாமற்போன பிறகுதான் அந்த விருந்து இன்றைய ஒழுங்கைப் பெறத் தொடங்கியது. ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் அதன் ஆரம்ப வடிவத்தைப் பார்க்கலாம், மற்றப் பகுதிகள் அதற்கும் பின்னால் சேர்ந்தவை. இயேசு இராப்போஜனத்தில் செய்ததாக நாம் நடித்துக் காட்டுவதில் பெரும்பகுதி, ஆலயத்தை இழந்த ஒரு ஜனம் தன் துக்கத்திலிருந்து கட்டியெழுப்பியது. அதை எடுத்து நம் உபதேசத்துக்குச் சாட்சியாக்குவது நேர்மையல்ல. 1988-இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும், அந்த விருந்துக்கு ‘ஞானஸ்நானம் கொடுக்காதீர்கள்’ என்ற பொருளில் எச்சரித்தது. கிழக்கு ஐரோப்பாவில் பல தலைமுறை யூதர்களுக்கு ஈஸ்டர் காலம் பயத்தின் காலம். 1903-இல் கிஷினேவ் நகரில் அவர்களைக் கொன்று வீடுகளைச் சூறையாடிய கலவரம் ஈஸ்டர் ஞாயிறன்றுதான் தொடங்கியது. யூதக் குடும்பம் ஒன்று தன் மேசைக்கு அழைத்தால் நன்றியோடு போய் விருந்தாளியாக உட்காருங்கள். அதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

அதற்குப் பதிலாக நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கேரளத்தின் மார்த்தோமா கிறிஸ்தவர் வீடுகளில் பெரிய வியாழன் இரவில் பெசஹா அப்பம் செய்கிறார்கள். அரிசியும் உளுந்தும்தான், நம் இட்லிக்குப் போடுகிற அதே இரண்டு. ஆனால் புளிக்கவிடாமல் ஆவியில் வேகவைத்து, குருத்தோலை ஞாயிற்று ஓலையில் ஒரு சிலுவை வைக்கிறார்கள். குடும்பத்தின் மூத்தவர் ஜெபித்து அறுத்து, வயது வரிசைப்படி கையில் கொடுக்கிறார். வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பெசஹா பாலும் கூட உண்டு. துக்க வீட்டில் அந்த வருஷம் அப்பம் செய்யமாட்டார்கள், உறவினர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாரிடமிருந்தும் பறிக்காத, தலைமுறைகளாகத் தங்கள் அடுப்பிலேயே வெந்த பஸ்கா அது. நம் தென்மாவட்டச் சபைகளின் அறுப்பின் பண்டிகையும் அப்படித்தான். முதற்பலனாகக் கொண்டுவந்த வாழைத்தாரையும் பூசணியையும் சேவலையும் ஆலய வளாகத்தில் ஏலம் விடும்போது, லேவியராகமத்தின் முதற்கதிர் நம் ஊர் மண்ணோடு வந்து நிற்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஞாயிற்றையே ஓய்வுநாளாக்குவது

கடைசி வழிக்கு வருகிறேன். நாங்கள் எடுத்தது இதுதான்.

ஞாயிற்றுக்கும் விலை உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023, 2024, 2025 மூன்று வருஷமும் நீட் தேர்வு மே மாத முதல் ஞாயிற்றில் நடந்தது. அமெரிக்காவில் ஜெரால்டு கிராஃப் என்ற தபால்காரர் ஞாயிற்றுக்கிழமை பார்சல் விநியோகத்துக்குப் போகமாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் தனக்குச் சாதகமான தீர்ப்புப் பெற்றார். ஞாயிற்றை மெய்யாகவே கைக்கொண்டால் அதுவும் சுலபமான நாளல்ல. நமக்குச் சுலபமாக இருப்பதற்குக் காரணம், நாம் அதைக் கைக்கொள்வதில்லை.

எங்கள் வீட்டு ஞாயிறு எப்படி இருந்தது? காலை ஆறு மணிக்கு இட்லி ஊற்றி, பிள்ளைகளைக் கிளப்பி, புடவை கட்டிக்கொண்டு ஆலயத்துக்கு ஓடி, பன்னிரண்டரைக்குத் திரும்பி, மசாலா அரைத்து ஆட்டுக்கறி வைத்து, மூன்று மணிக்கு எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவி நிமிரும்போது ஐந்து மணி. வீட்டு ஆண்கள் இரண்டு மணிநேரம் தூங்கியிருப்பார்கள். நான்காம் கட்டளையில் யார் யார் ஓய்ந்திருக்கவேண்டும் என்று வரிசை இருக்கிறது: நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன். அதில் மனைவி என்ற சொல் இல்லை. ‘நீ’ என்பதற்குள் அவளும் அடக்கம் என்று வேத அறிஞர் பலர் விளக்குகிறார்கள், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் எந்த நாள் என்று இரண்டு வருஷம் சண்டைபோட்ட எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அதுதான்: அந்த நாளில் அடுப்படியில் நிற்பது யார்? உபாகமம் ஐந்தாம் அதிகாரம் ஒரு படி மேலே போய், உன்னைப்போலவே உன் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும் என்கிறது. எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு ஞாயிறுதான் அதிகப் பாத்திரம்.

இந்தக் கேள்வியோடு மற்ற வழிகளை மறுபடி பார்த்தேன். சனிக்கிழமைக்காரர்களின் ஆயத்தநாள் ஒழுங்கு எங்களுக்குத் தேவையாக இருந்தது. நாளை மாற்றுவது தேவையாக இருக்கவில்லை. எங்கள் சபையும் உறவும் ஞாயிற்றில் இருக்கின்றன. அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, அவர் பாடிவந்த பாடகர் குழுவை விட்டுப் பிரிக்க எங்களுக்கு மனமில்லை. அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் சனிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து ஞாயிறு சூரியன் மறையும்வரை ஓய்வுநாளை ஆசரித்தார்கள் என்று படித்தபோது வழி பிறந்தது. மாலையில் தொடங்கும் நாள், முந்தின நாளே முடிந்த சமையல், ஞாயிறு ஆராதனை மூன்றும் ஒன்றாகப் பொருந்தின.

நாள் விஷயத்தில் உறுதியான உபதேசம் உள்ளவர்களுக்கு இது போதாது என்று தெரியும். ரோமர் பதினான்காம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறபடி, அவனவன் தன்தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன். என் மகளுக்கும் இந்த வசனத்தோடுதான் பதில் சொன்னேன். முழுப் பதிலாக அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவளானதும் சனிக்கிழமை ஆசரிப்பேன் என்கிறாள். ஆசரிக்கட்டும்.

அத்தைதான் முதலில் எதிர்த்தார். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தால் பழங்குழம்பா ஊற்றுவது என்று கோபித்துக்கொண்டார். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று எல்லோருக்கும் தெரிந்ததை அவருக்கே நினைவூட்ட வேண்டியிருந்தது. இப்போது சனிக்கிழமை மாலை மண்சட்டியில் மீன் குழம்பு, ஒரு பாத்திரம் புளிச்சாதம், தண்ணீர் ஊற்றிய சோறு, அவித்த முட்டை. மகன் தட்டுகளை எடுத்து வைக்கிறான், என் கணவர் கேஸ் அடுப்பைத் துடைக்கிறார். பாத்திரம் தேய்க்கும் அக்கா ஞாயிறு வருவதில்லை, சம்பளம் குறைப்பதும் இல்லை. மறுநாள் தட்டுகளை அவரவர் கழுவிக்கொள்கிறோம். விளக்குப் பொருத்துகிற நேரத்துக்கு அத்தை சட்டியை மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பாட்டுப் புத்தகத்தைப் பிரிக்கச் சொல்கிறார்.